111 நிமிடம் நிற்காத கேமரா

காட்பாடியில் எந்த ஆண்கள் விடுதிக்குள் நுழைந்தாலும் இரண்டு விஷயம் மாறாது. ஒன்று, மெஸ் சாம்பார். அதைத் திட்டுவதில் தமிழ்ப் பையனும் பாட்னா பையனும் பரம தோஸ்த். இன்னொன்று, சோனி டி.வி.யின் "சி.ஐ.டி." தொடர். இந்தியில் பத்து வரை எண்ணத் தெரியாத திருவண்ணாமலைக்காரனுக்குக்கூட "தயா, கதவை உடை" என்பதை இந்தியில் சொல்லத் தெரியும். ரூமைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறவனை எழுப்ப அதைவிடப் பொருத்தமான வசனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை!

1998 ஜனவரியில் ஆரம்பித்த தொடர் அது. 2018 அக்டோபரில் நிறுத்தியபோது 1,500 அத்தியாயங்களைத் தாண்டியிருந்தது. 2024 டிசம்பரில் மறுபடியும் வந்துவிட்டது. ஏ.சி.பி. பிரத்யுமனாக சிவாஜி சாட்டம், அபிஜீத்தாக ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, தயாவாக தயானந்த் ஷெட்டி, ஆய்வுக்கூட டாக்டர் சாலுங்கேயாக நரேந்திர குப்தா. அப்பா காலத்தில் பார்த்த அதே முகங்களைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். போலீஸ் எப்படித் துப்பு துலக்கும் என்று கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் என்றால் இதுதான்.

பள்ளிக்கூடம் சரி. பாடம் சரியா?

திட்டுவதற்கு முன்னால் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும். நவம்பர் 2004ல் இந்தத் தொடரில் "தி இன்ஹெரிடன்ஸ்" என்று ஒரு சிறப்பு அத்தியாயம் வந்தது. லோனாவாலாவில் எடுத்தது. மொத்தம் 111 நிமிடம். 111 நிமிடமும் ஒரே ஷாட். நடுவில் ஒரு வெட்டு கிடையாது. கேமரா ஆன் ஆனால் ஆனதுதான். ஆள் மாறலாம், அறை மாறலாம், கேமரா மட்டும் நிற்காது. 110-வது நிமிடத்தில் யாராவது ஒரு வசனத்தை மறந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். கின்னஸ், லிம்கா என்று இரண்டு சாதனைப் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. தொடரை உருவாக்கிய பி.பி. சிங் தூர்தர்ஷனில் கேமராமேனாக இருந்தவர் என்பதால், இந்த யோசனை அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. சும்மா சொல்லக்கூடாது, துணிச்சலான வேலை.

ஒரே ஷாட்டில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எடிட்டிங் டேபிளில் ஒரு வெட்டு விழுந்தால், அந்த இடத்தில் நேரம் காணாமல் போகிறது. காணாமல் போன நேரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வெட்டே இல்லாவிட்டால் ஒளித்துவைக்க இடமில்லை. போலீஸ் ஒரு வீட்டுக்குள் நுழைவது முதல் குற்றவாளியைப் பிடிப்பது வரை கேமரா கூடவே நடக்கிறது. ஒரு போலீஸ் கதையை இதைவிட நேர்மையாக எடுக்க வழியில்லை.

வருத்தம் என்னவென்றால், அந்தத் தொடர் அந்த நேர்மையை ஒரே ஒரு நாள் சாதனைக்காக மட்டும் பயன்படுத்தியது. மற்ற 1,500 சொச்ச அத்தியாயங்களிலும் வெட்டு உண்டு. அந்த வெட்டில் காணாமல் போவது நேரம் மட்டுமல்ல, சட்டமும்தான்.

வழக்கமான அத்தியாயம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். பிணம். ஆய்வுக்கூடம். டாக்டர் சாலுங்கே ஒரு குழாயில் ஏதோ ஊற்றுவார், நிறம் மாறும், விஷத்தின் பெயர் தெரிந்துவிடும். பிறகு சந்தேகப்படும்படி மூன்று நான்கு பேர். ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடிப்பார்கள். கடைசியில் தயாவின் கை ஒருவன் கன்னத்தில் இறங்கும். "சொல்றேன் சார், சொல்றேன்" என்று அவன் கதையை ஒப்பிப்பான். ஏ.சி.பி. விரலை ஆட்டி "உனக்குத் தூக்குதான்" என்பார். முடிந்தது. விளம்பரம் போக முக்கால் மணி நேரம்.

இதில் எவ்வளவு பேர் காணாமல் போயிருக்கிறார்கள் பாருங்கள். மாஜிஸ்திரேட் இல்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் அவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவிலேயே இருக்கிறது. வக்கீல் இல்லை. கைதான தகவலைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் சொன்னது. அதாவது தொடர் ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்னாலேயே. அதில் ஒன்றும் இல்லை. தூக்குத் தண்டனையோ, அரிதிலும் அரிதான வழக்கில் மட்டும்தான் என்று 1980ல் பச்சன் சிங் வழக்கில் வகுத்தாயிற்று; அதைக் கொடுக்க வேண்டியவர் நீதிபதி. இங்கே ஏ.சி.பி.யே விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, தண்டனையும் கொடுத்துவிடுகிறார். மூன்று வேலைக்கு ஒரு சம்பளம்!

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். டி.வி. தொடர், நேரம் கிடையாது. ஆனால் மன்னிக்க முடியாத வெட்டு ஒன்று இருக்கிறது. சந்தேகப்பட்ட நான்கு பேரில் மூன்று பேர் நிரபராதிகள். அவர்கள் சட்டையையும்தான் பிடித்தார்கள், அவர்களையும்தான் மிரட்டினார்கள். உண்மைக் குற்றவாளி கிடைத்ததும் கேமரா அந்த மூன்று பேரை விட்டுவிட்டு நகர்ந்துவிடும். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன ஆனார்கள் என்று எந்த அத்தியாயமும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. பார்ப்பவரும் கேட்பதில்லை. அடி வாங்கியவன் நிரபராதி என்றால் அது கதையின் சுவாரஸ்யத்துக்காக வைத்த திருப்பம், அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரில் ஒருவரைத் தேட மும்பைக்குப் போக வேண்டியதில்லை. காட்பாடி ஜங்ஷனில் ஜோலார்பேட்டை பக்கம் போகிற ரயிலில் ஏறினால் போதும். குடியாத்தம், அதற்குப் பிறகு ஆம்பூர்.

2015ல் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு பெண் காணாமல் போனார். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புகார் வந்தது. அவரோடு முன்பு வேலை பார்த்த, ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. விசாரணை முடிந்து வந்தவர் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி, கடைசியில் ஜூன் 26 அன்று சென்னையில் இறந்துபோனார். போலீஸ் அடித்ததுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. மறுநாள் ஆம்பூர் பற்றி எரிந்தது. பஸ்களும் வண்டிகளும் தாக்கப்பட்டன, போலீஸ்காரர்கள் பலர் காயம்பட்டார்கள், தேசிய நெடுஞ்சாலை ஸ்தம்பித்தது. இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.வி.யில் வராத நிஜ சி.ஐ.டி.

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருவோம். ஜூலை மாதம் அந்தப் பெண் சென்னையில் கிடைத்தார். உயிரோடு. நலமாக.

அதாவது கொலையே நடக்கவில்லை. பிணம் இல்லை, விஷம் இல்லை, உடைக்க வேண்டிய கதவு இல்லை. எந்த உண்மையை அந்த இளைஞரிடமிருந்து வரவழைக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அப்படி ஒன்று அவரிடம் இல்லவே இல்லை. இல்லாததை எத்தனை அறை அறைந்தால் வெளியே எடுக்க முடியும்? ஒரு நாலு நாள் கூடுதலாகத் தேடியிருந்தால், செல்போன் விவரங்களை வைத்து உட்கார்ந்திருந்தால், இரண்டு வீடுகளில் ஒன்றிலாவது சாவு விழுந்திருக்காது, ஓர் ஊர் எரிந்திருக்காது. டி.வி. இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? "சுறுசுறுப்பான விசாரணை".

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். "அப்ப சி.ஐ.டி. பார்த்துதான் போலீஸ் அடிக்கக் கத்துக்கிச்சா? டி.வி. வர்றதுக்கு முன்னாடி போலீஸ் எல்லாம் புத்தர் வேஷமா?"

நல்ல கேள்வி. பதில்: இல்லவே இல்லை. டி.வி. வருவதற்கு நூறு வருடம் முன்னாலேயே இந்த மண்ணில் அது இருந்தது. அதற்கு அரசாங்க அத்தாட்சியே உண்டு. 1850-களில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. விசாரணைக் குழு போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. 1855ல் அறிக்கை வந்தது. அந்த ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ் வார்த்தைகளுக்கு நிரந்தர இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று "கிட்டி": இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. இன்னொன்று "அண்ணாந்தாள்": ஆளை வளைத்துக் கட்டிப்போட்டு அப்படியே வெயிலில் நிற்கவைப்பது. தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் கட்டுமரம், மிளகுத்தண்ணியோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

அதே சென்னையில்தான், அந்த அறிக்கைக்கு ஆறு வருடம் முன்னால், 1849ல், இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. விஷம் வைத்துக் கொன்றார்களா என்று கண்டுபிடிக்கிற வேலை. டாக்டர் சாலுங்கேயின் பூட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவியலும் கிட்டியும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்தன. எதைக் கையில் எடுப்பது என்பதுதான் அன்றைக்கும் கேள்வி, இன்றைக்கும் கேள்வி. "வேற வழி இல்லாமதான் அடிக்கிறாங்க" என்று சொல்வது 1849-லேயே பொய்யாகிவிட்டது.

வெள்ளைக்காரன் போலீஸை நம்பவில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் எழுதினான். 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-வது பிரிவு. எண் மாறியது, விஷயம் மாறவில்லை. ஒரே விதிவிலக்கு, அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும்.

இதை வைத்து சி.ஐ.டி. அத்தியாயத்தின் கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். தயா அறைகிறார், குற்றவாளி கொட்டித் தீர்க்கிறான், ஏ.சி.பி. முகத்தில் வெற்றிச் சிரிப்பு. சட்டப்படி அந்தக் காட்சியின் மதிப்பு பூஜ்யம்! அந்த ஒப்புதலைத் தவிர வேறு சாட்சியம் இல்லை என்றால், கெட்டிக்கார வக்கீல் ஒருவர் அந்த ஆளை அழகாக வெளியே அழைத்து வந்துவிடுவார். இருபது வருடத்துக்கு மேலாகத் தேசமே கைதட்டிய க்ளைமாக்ஸ், கோர்ட் வாசலைத் தாண்டாது. அடித்து வாங்குகிற உண்மை நிரபராதிக்கு மட்டும் ஆபத்து இல்லை. செத்துப்போனவரின் குடும்பத்துக்கும் அது துரோகம்.

அறை இல்லாமல் போலீஸ் கதை எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. பார்த்திருக்கிறார்களே! அமெரிக்காவில் 1971 முதல் வந்த "கொலம்போ" தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் ஃபாக் நடித்தது. கசங்கிய மழைக்கோட்டு, ஓட்டை கார், வாயில் சுருட்டு. கொலை செய்தவர் யார் என்பது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பார்ப்பவருக்குத் தெரியும். எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. கொலம்போ கையை ஓங்குவதில்லை. "இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்" என்று திரும்பி வந்து கேள்வி கேட்பார். கொலைகாரர்களுக்கு அந்தக் கேள்வியே லத்தி.

அதில் 1974ல் "எ ஃபிரண்ட் இன் டீட்" என்று ஓர் அத்தியாயம். கொலைகாரர் யார் தெரியுமா? போலீஸ் துணைக் கமிஷனர். கொலம்போவின் மேலதிகாரி. பக்கத்து வீட்டுக்காரன் ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றுவிடுகிறான். நகைத் திருடன் செய்ததுபோல் ஜோடித்து அவனைக் காப்பாற்றுகிறார் கமிஷனர். அதற்குக் கைம்மாறாக, பணக்கார மனைவியைத் தான் கொல்வதற்கு அவனைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். பழியைச் சுமக்க ஒரு பழைய திருடன் தயாராக இருக்கிறான். சி.ஐ.டி. பாணியில் என்றால் அந்தத் திருடனைத் தூக்கி வந்து நாலு அறை. கேஸ் க்ளோஸ், கமிஷனருக்கு மெடல். கொலம்போ என்ன செய்கிறார்? திருடனின் முகவரி என்று கோப்பில் ஒரு முகவரியை எழுதிவைக்கிறார். கமிஷனர் திருட்டு நகையை அங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு, சோதனை போட்டு "இதோ பார்" என்று எடுத்துக் காட்டுகிறார். அப்போது கொலம்போ சொல்கிறார்: இது அந்தத் திருடனின் வீடே இல்லை, நானே எனக்காக வாடகைக்கு எடுத்த இடம் என்று. அந்த முகவரி அந்தக் கோப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. முடிந்தது ஆட்டம். ஓர் அடி இல்லை. ஆனாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவீர்கள்.

அந்த அத்தியாயம் ஏன் முக்கியம் என்றால், போலீஸே ஆதாரத்தை ஜோடிக்கலாம், போலீஸே ஏழைத் திருடன் தலையில் கட்டலாம் என்பதை ஒரு போலீஸ் தொடரே எல்லோரும் பார்க்கும் நேரத்தில் சொன்னது. அதைத் தடுக்க இன்னொரு போலீஸ்காரர் தன் வேலையைப் பணயம் வைப்பார் என்றும் சொன்னது. போலீஸை மதிப்பதென்றால் இதுதான் மதிப்பு. இங்கேயும் வழி தெரியாமல் இல்லை. தூர்தர்ஷனில் 1985ல் கேரட் கடித்துக்கொண்டே துப்பறிந்த "கரம்சந்த்"தும், 1993ல் பாசு சாட்டர்ஜி எடுத்த "வியோம்கேஷ் பக்ஷி"யும் மூளையை வைத்துத்தான் ஓட்டினார்கள். மூளையிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது பிறகு.

"டி.வி. போலீஸை மாத்தலைன்னா அப்புறம் எதுக்கு டி.வி.யைத் திட்டறீங்க?"

ஏனென்றால் டி.வி. மாற்றுவது போலீஸை அல்ல, சோபாவில் உட்கார்ந்திருப்பவரை. 1855-லேயே கிட்டி இருந்தது. கைதட்டல் புதுசு. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மறுநாள் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மக்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். பட்டாசு வெடித்தார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை என்று முடிவுக்கு வந்தது 2022ல் வெளியானது. அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பூத்தூவும் வீடியோவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெற்றோருக்குக் கிடைக்க வேண்டியிருந்தது நிரூபிக்கப்பட்ட நீதி. கிடைத்தது ஒரு க்ளைமாக்ஸ்.

இப்போது அந்த 111 நிமிடத்துக்கே திரும்பலாம். கேமரா நிற்காமல் ஓட வேண்டிய இடம் லோனாவாலா அல்ல.

2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மகன் 22-ம் தேதியும் தந்தை 23-ம் தேதியும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவில் ஒரு மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தார். கேமரா இருந்தது. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் தினமும் தானாகவே அழிந்துபோகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த ராத்திரியின் பதிவு இல்லை. 2004ல் ஒரு டி.வி. கம்பெனியால் 111 நிமிடத்தை வெட்டில்லாமல் எடுத்துப் பத்திரமாக வைக்க முடிந்தது. பதினாறு வருடம் கழித்து ஒரு காவல் நிலையத்தால் ஒரே ஒரு ராத்திரியை வைத்திருக்க முடியவில்லை. உண்மை வெளியே வந்தது கேமராவால் அல்ல. அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்ததால். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்று அவர் சொன்னார். ஏ.சி.பி. பிரத்யுமனுக்கு ரசிகர் மன்றம் வைக்கிறவர்கள் ஒரு சுவரொட்டியாவது அந்த அம்மாவுக்கு ஒட்டியிருக்க வேண்டும்.

அதே வருடம் டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நாட்டில் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும். வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எல்லாம் தெரிய வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். 18 மாதம் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது. ஒரு வரியில் சொன்னால், ஒரே ஷாட், நோ கட். ஐந்து வருடம் ஆகப்போகிற சமயத்தில், 2025 செப்டம்பரில், கேமராக்கள் வேலை செய்வதில்லை என்ற செய்தியைப் பார்த்து அதே நீதிமன்றம் தானாகவே மறுபடி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் சிவகங்கை மாவட்டம் மடப்புரம். காரில் வைத்த நகை காணவில்லை என்று புகார். கோயில் காவலாளி ஒருவரை மப்டியில் வந்த தனிப்படை விசாரித்தது. 2025 ஜூன் 28 அன்று அவர் இறந்தார். உடலில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனையில் பதிவானது. இந்த முறையும் ஸ்டேஷன் கேமரா காட்டிக்கொடுக்கவில்லை. மறைவில் நின்று ஒருவர் செல்போனில் எடுத்த சில நொடி வீடியோதான் மிச்சம். 111 நிமிடம் வேண்டாம், சில நொடி வெட்டாமல் ஓடியதே மாநிலத்தை உலுக்கியது. நகை? "கண்டுபிடிக்க" வேண்டியிருந்த நகைக்காகக் கையில் இருந்த ஒரே ஆளை இழந்ததுதான் அந்த விசாரணையின் சாதனை.

இதில் இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். அதே 2025 ஏப்ரலில் சி.ஐ.டி. தொடரில் ஏ.சி.பி. பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறப்பதாகக் காட்டினார்கள். சேனல் நிஜ மனிதருக்குப் போடுவதுபோல் அஞ்சலி போட்டது. இணையம் முழுக்க அழுகை, மெழுகுவர்த்தி, "ஒரு சகாப்தம் முடிந்தது". பிறகு என்ன, கதைதானே, அவர் திரும்பி வந்துவிட்டார். ஆம்பூர் இளைஞர் வரவில்லை. சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் வரவில்லை. மடப்புரத்துக் காவலாளி வரவில்லை. இந்த நால்வருக்கு அடுத்த சீசன் கிடையாது.

யாரும் டி.வி.யை உடைக்க வேண்டியதில்லை. தொடரைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்பதும் அபத்தம். கேட்க வேண்டியது எளிய விஷயம். ஒன்று, தொடர் எடுக்கிறவர்களிடம்: 111 நிமிடம் வெட்டாமல் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரே ஒரு அத்தியாயத்தில் நிரபராதியின் பின்னால் கேமராவை அவன் வீடு வரை கொண்டுபோவது கஷ்டமா? கதவைத் தட்டுகிற தயாவை மட்டும் எத்தனை நாள் காட்டுவீர்கள், உடைந்த கதவை மறுநாள் யார் சரிசெய்கிறார்கள் என்றும் ஒரு தரம் காட்டுங்கள்.

இரண்டு, பார்க்கிறவர்களிடம். விடுதியில் இருக்கும் பாதிப் பேர் சொந்த ஊரைவிட்டு வந்தவர்கள். சிலருக்கு ஊர்மொழியும் தெரியாது. நாளைக்கு ஒரு செல்போன் காணாமல் போனால், அடுத்த தெருவில் ஒரு சண்டை நடந்தால், அந்த "நாலு சந்தேக நபர்" பட்டியலில் வரப்போவது இவர்கள்தான். சாட்சியாக விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேட்கலாம். கைது என்றால் காரணம் கேட்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம், வக்கீல் கேட்கலாம், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது காயம் இருந்தால் அவரிடமே காட்டிச் சொல்லலாம். இவ்வளவு உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு அத்தியாயம் பார்த்தவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது என்றால், அது அவன் குற்றம் மட்டும் அல்ல.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கிடங்குகளில் தரம் பிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். மாடு உயிரோடு இருந்தபோது விழுந்த சாட்டைத் தழும்பு, பதனிட்ட பிறகும் தோலில் அப்படியே இருக்கும். சாயம் அடித்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மாட்டுத் தோலில் இருக்கும் அடியைப் பார்க்க இவ்வளவு கவனமாக ஆள் வைத்திருக்கிற பிரதேசம் இது. மனிதத் தோலில் விழும் அடிக்கு மட்டும் ஏன் டி.வி. முன்னால் உட்கார்ந்து கை தட்ட வேண்டும்?

அடுத்த தடவை திரையில் அந்த அறை விழும்போது, விடுதி டி.வி. அறையில் யாராவது ஒருவர் சத்தமாகக் கேட்டால் போதும்: "மச்சி, இவன் செய்யலேன்னா?"